எட்டாவது வரை உள்ள அரசுப் பள்ளி: நல்ல பள்ளியா என்று எதை வைத்துச் சொல்வது?

மே மாதம் பிறந்தால் போதும், ஊருக்கு ஊர் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும். "நம்ம ஊர் மிடில் ஸ்கூல் எப்படி? ஆறாவது அங்கேயே சேர்க்கலாமா?" பதில்களும் தயாராக இருக்கும். "ஸ்ட்ரென்த்தே இல்லையே." "ஸ்மார்ட் போர்டு எல்லாம் வந்திருக்காம்." "ஹெச்.எம். தங்கமான மனுஷி." அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அங்க யாரு பிள்ளைங்க படிக்குதுன்னு தெரியும்ல?"

இந்தக் கடைசிப் பதிலைக் கவனியுங்கள். கேள்வி பள்ளியைப் பற்றியது. பதில் அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. 'இங்கே யார் படிக்கிறார்கள்?', 'வந்தவர்களைப் பள்ளி என்ன செய்தது?' என்று இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு நடுநிலைப் பள்ளியை எடைபோடும்போது நடக்கும் குழப்பத்தில் பாதி, இவை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் வருவது.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் எண் இருக்கிறது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு. அது நல்ல அளவுகோலா என்பது வேறு விஷயம். ஃப்ளெக்ஸில் போட்டுக்கொள்ளவாவது ஆகும். எட்டாவதோடு முடியும் பள்ளிக்கு அதுவும் கிடையாது. 2019-இல் தமிழக அரசு 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது சரி என்பதே என் எண்ணம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு தேவையில்லை. ஆனால் எண் எதுவும் இல்லாத இடத்தில் கட்டடமும் யூனிஃபார்மும் வதந்தியும் மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் 1 முதல் 8 வரை. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் பெயரில் இருப்பவை, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எனப் பல வகை. அமெரிக்காவில் மிடில் ஸ்கூல் என்பது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரையுள்ள தனிப் பள்ளி. நம்முடையதில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன: ஐந்து வரை தொடக்கநிலை, அதற்கு மேல் உயர்தொடக்கநிலை. கல்வி உரிமைச் சட்டமே இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அதனால் 'பள்ளியின் சராசரி' என்று யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால், எந்தப் பாதியின் சராசரி என்று கேட்டுவிடுங்கள்.

யார் படிக்கிறார்கள்?

பள்ளியின் பெயர்ப் பலகையிலோ சுவரிலோ 11 இலக்க எண் ஒன்றை எழுதியிருப்பார்கள். அதுதான் யுடைஸ் எண். நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தளமான யுடைஸ் பிளஸில் இந்த எண்ணைக் கொடுத்தால் பள்ளியின் அறிக்கை வரும். வகுப்புவாரியாக எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை, குடிநீர், நூலகம், பயிற்றுமொழி எல்லாம் இருக்கும். பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்பது மட்டும் இருக்காது.

மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வகுப்புவாரி வரிசையைப் பாருங்கள். அதில்தான் கதை இருக்கிறது. போன ஆண்டு ஐந்தாவதில் 12 பேர், இந்த ஆண்டு ஆறாவதில் 27 பேர் என்று இருந்தால் குறைந்தது 15 பேர் வெளியிலிருந்து வந்திருக்கிறார்கள். எங்கிருந்து? பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கலாம். நம் ஊர்களில் நர்சரி பிரைமரி பள்ளிகள் ஐந்தாவதோடு முடிந்துவிடும், அங்கிருந்தும் வரலாம். இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். இவற்றுக்கெல்லாம் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். விவரம் தெரிந்த பெற்றோர் ஐந்து வரை தனியாரில் படிக்கவைத்துவிட்டு ஆறாவதுக்கு இங்கே கொண்டுவருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே ஆறாவதில் கூட்டம் ஏறியதை மட்டும் வைத்துப் பள்ளி உயர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்த வகுப்பின் மதிப்பெண் திடீரென்று ஏறினால் அதையும் பள்ளியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. வந்த பிள்ளைகள் வேறு.

ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போனால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இதைப் பார்க்கும்போது ஒரு தவறு எளிதில் நேரும். ஒரே ஆண்டின் ஆறாவதையும் எட்டாவதையும் ஒப்பிடக் கூடாது. அவர்கள் வேறு வேறு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், அதே அணி இன்று எட்டாவதில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

ஆண், பெண் எண்ணிக்கையையும் வகுப்புவாரியாகப் பாருங்கள். பெண்கள் பளிச்சென்று கூடுதலாக இருந்தால், ஊரில் மகனைத் தனியார் வேனில் ஏற்றிவிட்டு மகளை நடந்துபோகும் தூரத்தில் சேர்க்கும் வழக்கம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். பல ஊர்களில் இருக்கிறது. அது பள்ளியின் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. ஊரைப் பற்றிய செய்தி.

சமூகப் பிரிவு விவரமும் அறிக்கையில் உண்டு. ஆனால் யுடைஸில் பொதுப் பிரிவு, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று நான்கே கட்டங்கள். பி.சி., எம்.பி.சி., முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோர் என்று நாம் பிரித்துப் பேசுவதெல்லாம் அங்கே ஒரே கட்டத்துக்குள் போய்விடும். ஒரு பக்கம் ஆதிக்க சாதித் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாத பள்ளி, இன்னொரு பக்கம் காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாத பள்ளி, இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் என்று இருக்கும் ஊர்களை நாம் அறிவோம். இரண்டு பள்ளிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலைப் படிப்பது என்றால், அங்கே யார் இல்லை என்று பார்ப்பதும் சேர்த்துத்தான்.

இதோடு எண்களில் அரைகுறையாகவே தெரியும் பிள்ளைகள் உண்டு. பொங்கல் கழிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், திருப்பூர் போன்ற ஊர்களில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பதிவேட்டில் பெயர் இருந்தும் வீட்டோடு இருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள். வீட்டில் தமிழே பேசாத பிள்ளை ஆறாவதில் வந்து உட்கார்ந்தால், அந்தப் பள்ளியின் தமிழ்ப் பாட மதிப்பெண் குறையத்தான் செய்யும். குறைந்த மதிப்பெண்ணோடு அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பள்ளியையும், 'அடுத்த ஊரில் பாருங்கள்' என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பிச் சராசரியைக் காப்பாற்றிக்கொண்ட பள்ளியையும் ஒரே அட்டவணையில் வைத்து வரிசைப்படுத்துவது அநியாயம்.

வந்தவர்களா, வளர்த்தவர்களா?

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்தார்கள். கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளுக்கு இடையே கட்டடத்திலும் புத்தகத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கும், மதிப்பெண் வித்தியாசத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். அறிக்கை சொன்னது வேறு: மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் விளக்குகிறது. 'அப்படியானால் பள்ளியால் பயனே இல்லையா?' என்று அதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அந்த ஆய்வு அளந்தது பெரும்பாலும் எண்ணிவிடக்கூடிய பொருள்களை. வகுப்பறைக்குள் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை அப்படி எண்ணிவிட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். எப்படியானாலும் ஒரு பாடம் நிலைத்துவிட்டது: ஆண்டுக் கடைசியில் எடுக்கும் மதிப்பெண்ணில் வீட்டின் பங்கும் கலந்திருக்கிறது.

கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். இரண்டு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஆறாவதில் 30 பேர். முதலாவது பள்ளி கடைத்தெருவை ஒட்டியது. ஜூன் மாதம் சேரும்போதே 24 பேருக்கு ஒரு சிறு கதையைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரியும். மார்ச்சில் 26 பேருக்குத் தெரியும். இரண்டாவது பள்ளி சூளைப் பக்கம். ஜூனில் 8 பேர்தான் வாசித்தார்கள். மார்ச்சில் 20 பேர். மார்ச் மாதம் மட்டும் ஒருவர் வந்து பார்த்தால் 26-க்கும் 20-க்கும் நடுவே முதல் பள்ளிதான் நல்ல பள்ளி. ஆனால் அங்கே வாசிக்கத் தெரியாமல் வந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் வாசிப்பு வந்தது. சூளைப் பக்கத்தில் 22 பேரில் 12 பேருக்கு வந்துவிட்டது.

இங்கிலாந்தில் இதை அரசே கணக்கிட்டுவந்திருக்கிறது. 2016-இல் 'ப்ராக்ரஸ் 8' என்ற அளவை மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவர் 16 வயதில் எடுத்த மதிப்பெண்ணை, 11 வயதில் அவரோடு ஒரே நிலையில் இருந்த நாடு முழுவதும் உள்ள மாணவர்கள் எடுத்ததோடு ஒப்பிடுவார்கள். இதற்கும் குறை சொல்பவர்கள் உண்டு. வறுமையை அது கணக்கில் எடுப்பதில்லை என்பது முக்கியமான குறை. ஆனாலும், 'எங்கே தொடங்கினார்கள்?' என்று கேட்காமல் 'எங்கே முடித்தார்கள்?' என்று மட்டும் கேட்பதைவிட எவ்வளவோ தேவலை.

சூளைப் பள்ளிக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை நீங்கள் பிடித்திருக்கலாம். வாசிக்கத் தெரியாத ஐந்து பிள்ளைகள் ஜனவரியில் ஊரைவிட்டுப் போய்விட்டால், மீதி இருப்பவர்களை மட்டும் எண்ணி 'எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம். அதனால் வளர்ச்சி என்று யார் சொன்னாலும், ஜூனில் இருந்த அதே பிள்ளைகளைத்தான் மார்ச்சிலும் எண்ணினீர்களா என்று கேட்க வேண்டும்.

ஆசிரியர் எண்ணிக்கை: கண்ணைக் கட்டும் விகிதம்

அறிக்கையில் அழகாகத் தெரியும் எண், ஆசிரியர்–மாணவர் விகிதம். பள்ளியில் 96 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். 19 பேருக்கு ஓர் ஆசிரியர்! எந்தத் தனியார் பள்ளியில் இது கிடைக்கும்?

கிட்டப் போய்ப் பார்க்கலாம். 96-இல் தொடக்கநிலை 52, உயர்தொடக்கநிலை 44. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கநிலைக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி என்று மூன்று பிரிவுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும்; 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கும் உண்டு. ஆக 2 + 3, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தும் மறுபக்கம் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கலும் நடத்துவார். உயர்தொடக்கநிலையில் 100 பிள்ளைகளைத் தாண்டினால்தான் முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும் என்கிறது சட்டம். அதற்குக் கீழே இருந்தால் தலைமை ஆசிரியரும் பாடம் எடுப்பவர்தான். அவர் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் விவரம் ஏற்ற வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டத்துக்குப் போக வேண்டும். போகிற நாளில் அவருடைய வகுப்புக்கு யார்?

ஆகவே விகிதத்தைக் கேட்காதீர்கள். ஆறாவதுக்குக் கணக்கு எடுப்பது யார், அவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள். பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, இருப்பவர்களில் டெபுடேஷனில் வேறு பள்ளிக்குப் போயிருப்பவர் உண்டா என்று கேளுங்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கும். 'இன்னும் ரெண்டு பிள்ளைங்க சேர்ந்தா ஒரு போஸ்ட் நிக்கும்' என்று ஜூலையில் ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவது அதனால்தான். ஸ்ட்ரென்த் குறைந்தால் ஆசிரியர் போவார். ஆசிரியர் போனால் ஸ்ட்ரென்த் இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிய பள்ளியை வெளியிலிருந்து பார்த்து 'மோசமான பள்ளி' என்று சொல்வது சுலபம்.

கரும்பலகையின் மூலையில்

வகுப்பறைக்குள் போக முடிந்தால் முதலில் கரும்பலகையின் மூலையைப் பாருங்கள். 'பதிவு' என்று ஒரு எண்ணும் 'வருகை' என்று ஒரு எண்ணும் எழுதியிருக்கும். பதிவு 30, வருகை 27. தொண்ணூறு விழுக்காடு. பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆண்டு முழுக்க இதே 27 என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இரண்டு வேறு வகுப்புகள் ஒளிந்திருக்கலாம். ஒன்றில் எல்லோரும் அவ்வப்போது விடுப்பு எடுக்கிறார்கள். காய்ச்சல், திருவிழா, பாட்டி ஊர். இன்னொன்றில் 24 பேர் ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறார்கள். ஆறு பேர் பாதி நாள்கள்தான் வருகிறார்கள். இரண்டுக்கும் சராசரி அதே 27. முதல் வகுப்பில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஆறு பிள்ளைகள் பள்ளியைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள், சராசரி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் இதற்காகவே பள்ளி நாள்களில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுகிறார்கள். நம் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்கள்; அதில் 22 நாள் போனால் பத்து விழுக்காடு. வருகைப் பதிவேட்டில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் விடாமல் விழும் பெயர்கள் யாருடையவை என்று வகுப்பாசிரியருக்குக் கட்டாயம் தெரியும்.

காலை முதல் பீரியடிலேயே கண் சொருகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எடைபோடும் முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மதிய உணவு எட்டாவது வரை எல்லோருக்கும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ 1 முதல் 5 வகுப்புகளுக்காக வந்தது. ஐந்தாவது வரை காலையில் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை, ஆறாவதுக்கு வந்ததும் அதே வளாகத்தில் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சரி, படிப்பு வருகிறதா?

கடினமான பகுதி இதுதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. எனவே '100 விழுக்காடு தேர்ச்சி' என்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. எல்லாப் பள்ளியிலும் அதுதான். வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்துக்கு நடுவே வைக்கும் செயல்பாடு, சிறு தேர்வு) 40, தொகுத்தறித் தேர்வுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று போடும் மதிப்பெண்ணைப் போடுவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள். ஒரு பள்ளியின் 75-ஐ இன்னொரு பள்ளியின் 75-ஓடு ஒப்பிட முடியாது.

தேசிய அளவில் நடக்கும் சோதனைகள் உண்டு. 2017, 2021 ஆண்டுகளில் தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்குப் பரக் என்ற பெயரில் நடந்தது. ஆனால் இவை மாதிரி ஆய்வுகள். சில பள்ளிகளை எடுத்து, மாவட்டத்தின் நிலை, மாநிலத்தின் நிலை என்ன என்று சொல்பவை. 'நம் மாவட்டம் பின்தங்கிவிட்டது' என்ற செய்தியை வைத்து உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

பிரதம் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. அவர்கள் வீட்டுக்கே போய், ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கும் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் ஒரே தாளைத்தான் கொடுப்பார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்கில் எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுப்பது. பிள்ளை எந்தப் படி வரை ஏறுகிறது என்பதுதான் விடை. எந்த வகுப்பில் படிக்கிறது என்பது இங்கே எடுபடாது.

இதே பாணியில் ஒரு கணக்கு. 62-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 24 என்று எழுதினால் சரி. சில பிள்ளைகள் 36 என்று எழுதும். அது கவனக்குறைவு இல்லை. 2-இலிருந்து 8 போகாது என்றதும், பிள்ளை தலைகீழாக 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 என்று போட்டுவிட்டது; பத்திடத்தில் 6-இலிருந்து 3 போக 3. கடன் வாங்குவது என்றால் ஒரு பத்தை உடைப்பது என்று அதற்கு யாரும் புரியவைக்கவில்லை. இந்தப் பிள்ளை ஏழாவதில் முழுக்கள், இயற்கணிதம் என்று பாடம் கேட்டுக்கொண்டிருக்கும், தலையையும் ஆட்டும். வகுப்பில் இரண்டு பேர் இப்படி எழுதினால் அந்த இரண்டு பேருக்கு உதவி வேண்டும். பாதிப்பேர் எழுதினால், கீழ் வகுப்புகளில் நடந்த கோளாறு மேலே ஏறிவந்திருக்கிறது. கொரோனா காலத்தில் ஒன்றாவது, இரண்டாவதை வீட்டிலேயே கழித்த பிள்ளைகள் இப்போது நடுநிலை வகுப்புகளில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் பள்ளிக்குள் நுழைந்து கண்ணில் பட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் வேலை வேண்டாம். அதிகாரிகளே அதைச் செய்யும்போது பார்க்கச் சகிக்காது.

எட்டாவதில் ஓர் எண் வெளியே தெரியும்: தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு. பேர் நீளம் என்பதால் எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கிற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். 'எங்கள் பள்ளியில் நான்கு பேர்' என்று போர்டு வைத்திருந்தால் மகிழ்ச்சிதான். எட்டாவதில் மொத்தம் எத்தனை பேர், தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 22 பேரில் 20 பேரை எழுதவைத்து நான்கு பேர் தேறியதும், பொறுக்கி எடுத்த ஐந்து பேருக்கு மட்டும் மாலை வகுப்பு வைத்து நான்கு பேர் தேறியதும் ஒரே மாதிரிப் பள்ளிகள் இல்லை. அடுத்த ஆண்டு நான்கு என்பது ஒன்றாகக் குறைந்தால் உடனே பள்ளி கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. இருபது பேர் வகுப்பில் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் வந்து சேர்வதும், அடுத்த ஆண்டு வராமல் போவதும் தற்செயல். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். சின்னப் பள்ளிகளில் எந்த விழுக்காட்டுக்கும் இது பொருந்தும்.

என்னைக் கேட்டால், படிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சிறந்த வழி தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது. "ஆறாவதுல இன்னும் வாசிக்க வராதவங்க எத்தனை பேர், டீச்சர்?" ஒரு வகைப் பதில்: "அப்படி யாரும் இல்லைங்க, எல்லாரும் நல்லா படிப்பாங்க." இன்னொரு வகை: "ஜூன்ல பதினோரு பேர் இருந்தாங்க. இப்ப நாலு. அதுல ஒருத்தனுக்குக் கண்ணு சரியில்லன்னு நினைக்கிறேன், கேம்ப்புக்கு அனுப்பணும்." இரண்டாவது பதில் வரும் பள்ளியில், நான்கு பேருக்கு வாசிக்க வராது என்று தெரிந்தே, என் வீட்டுப் பிள்ளையைச் சேர்ப்பேன். முதல் பதில் வரும் பள்ளியில் அந்தக் கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை என்று அர்த்தம்.

எட்டாவதை முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் விடாதீர்கள். நடுநிலைப் பள்ளியின் உண்மையான பலன் தெரியும் இடம் அடுத்த பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன 22 பேரில் எத்தனை பேர் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள்? மற்றவர்கள் எங்கே? பையன் ஒர்க்ஷாப்புக்குப் போனானா, பெண்ணுக்கு உயர்நிலைப் பள்ளி தூரம் என்று நிறுத்திவிட்டார்களா? பத்தாவதில் அந்தப் பிள்ளைகள் எடுக்கும் மதிப்பெண்ணுக்கான பாராட்டும் திட்டும் உயர்நிலைப் பள்ளிக்கே போய்விடுகின்றன. அடித்தளம் போட்ட நடுநிலைப் பள்ளியை அப்போது யாரும் நினைப்பதில்லை.

கழிப்பறை, நூலகம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இருக்கிறதா என்று அறிக்கை சொல்லும்; பயன்படுகிறதா என்று பூட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்ணிடம் அம்மா ஒருவர் கேட்டால் சரியான பதில் வரும்.

ஒப்பிடுவதாக இருந்தால் யாரோடு ஒப்பிடுவது? ஊரில் உள்ள மெட்ரிக் பள்ளியோடு ஒப்பிட்டால் பெற்றோரின் வருமானத்தைத்தான் ஒப்பிடுகிறோம். ஒரே ஒன்றியத்தில், ஏறக்குறைய அதே அளவும் அதே மாதிரிக் குடும்பங்களும் உள்ள இரண்டு மூன்று நடுநிலைப் பள்ளிகளோடு ஒப்பிடுவது நியாயம். அதைவிட நல்லது, அதே பள்ளியின் மூன்று ஆண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுவது. ஒரே பள்ளிக்குள்ளும் ஒப்பிட இடம் உண்டு. ஆங்கிலவழி, தமிழ்வழி என்று இரண்டு பிரிவு இருந்தால், வசதி கொஞ்சம் கூடுதலான பிள்ளைகள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்களா, கணக்கு நன்றாக நடத்துபவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று தயங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. பெரும்பாலான இடங்களில் அந்தத் திட்டத்தில் சுற்றுச்சுவர், பெயிண்ட், மேசை நாற்காலி என்றுதான் எழுதுகிறார்கள். ஜூனில் ஆறாவதில் வாசிக்க வராதவர்கள் எத்தனை பேர், 22 நாளுக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர், போன ஆண்டு எட்டாவது முடித்ததில் ஒன்பதாவது சேராதவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் அதன் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படாது. அடுத்த ஜூனில் வரும் எண்களை அதன் பக்கத்திலேயே எழுத இடம் விட்டுவைத்தால் போதும்.